சுடலைக்கண்ணு பெயரில் பதிவான காளி முகம்

என் பெயர் முத்துராணி, வயது 31, கணவர் பெயர் செந்தில்முருகன், வள்ளியூரில் குடியிருக்கிறேன். இதே ஊரில் அம்பலவாணன் அண்ணாச்சி நடத்தும் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் மேலாளராக வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே காவல் நிலையம் வந்து சார்பு ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் வருகைப் பதிவு, முகம் பார்க்கும் கருவியில்தான். முகம் பொருந்தினால் பெயர் சொல்லி வணக்கம் வைத்துக் கதவைத் திறக்கும். வாங்கிய புதிதில் கண்ணாடி போட்டு வந்தாலும் யாரென்று தெரியாது, வெயிலில் வந்தாலும் தெரியாது. அதன் பிறகு நான் எல்லோரையும் காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் நிறுத்தி மறுபடி படம் பதிந்தேன். அதற்கப்புறம் ஒரு தப்பும் வரவில்லை. எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பேக்கிங்கில் இருக்கும் சுடலைக்கண்ணு, மனைவியின் பிரசவத்துக்காக நேர்ந்துகொண்டு குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டவர். காளி வேடம் கட்டி, காலையில் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துவிட்டு, மதியம் அதே வேடத்தில் வேலைக்கு வந்தார். கதவு திறக்கவில்லை. "எக்கா, இந்த மெஷின் என்னய ஆருன்னு கேக்கு! சாயத்தக் கழுவுனா நாளைக்கு ஆரு போட்டுவிடுவா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதன் பிறகு நீல முகம், தொங்கும் நாக்கு, கிரீடம் எல்லாவற்றையும் சேர்த்து அவர் பெயரில் இரண்டாவது முகமாகப் பதிந்தேன். கதவு திறந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை கம்பெனியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனது. அன்று காலை சுடலைக்கண்ணு உள்ளே வந்ததாகக் கருவி காட்டியது, படத்திலும் காளி இருந்தது. அண்ணாச்சி புகார் கொடுத்தார். இன்று காலை சுடலைக்கண்ணுவை வேடத்தோடு இங்கே கூட்டி வந்து, கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்கள். அந்த நேரம் சீவலப்பேரியில் காணிக்கை எடுத்ததாக அவர் சொன்னது எடுபடவில்லை. இன்று இரவு சூரசம்ஹாரம். அதற்குள் குலசை போய்ச் சேராவிட்டால் அவர் நேர்த்திக்கடன் நின்றுபோகும். 

கேள்விப்பட்டதும் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன், விஷயம் விளங்கிவிட்டது. காணிக்கைக்கு வருகிற காளிகள் எங்கள் வாசலிலும் வந்து நிற்பார்கள். உடனே சார்பு ஆய்வாளரைக் கம்பெனிக்கு அழைத்துப் போய், ரோட்டில் போன ஒரு காளியைக் கும்பிட்டு நிறுத்தினேன். அவர் ராதாபுரத்துப் பேச்சிராஜ், எங்களில் யாருக்கும் அவரை முன்பின் தெரியாது. அவர் கருவி முன் நின்றதும் "வணக்கம், சுடலைக்கண்ணு" என்று கதவு திறந்தது. "ஏன்க்கா, இது என்னயப் போயி சுடலைக்கண்ணுங்கு?" என்று அவர் கேட்டார். அதன் பிறகு வந்த இரண்டு காளிகளும் சுடலைக்கண்ணுதான்.

"என்னம்மா, ஊர்ல உள்ள காளியெல்லாம் சுடலைக்கண்ணா?" என்றார் சார்பு ஆய்வாளர்.

"ஆமா சார். ஒண்ணு அவர விடுங்க, இல்லன்னா எல்லாக் காளியையும் பிடிச்சு உள்ள போடுங்க" என்றேன்.

கருவியில் கோளாறு இல்லை. நான் பதிந்தது வேடத்தை, அது வேடத்தைச் சரியாகவே கண்டுபிடித்தது. சார்பு ஆய்வாளர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்த பிறகு, அவர் அனுமதியோடு அந்த இரண்டாவது முகத்தை நீக்கிவிட்டேன். இனிமேல் காளி வந்தால் நானே எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. குலசை பஸ் ஐந்து மணிக்குப் புறப்படுவதால், மேசையில் இருக்கும் கிரீடத்தைச் சுடலைக்கண்ணுவிடம் இப்போதே கொடுத்துவிடும்படி கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
செ. முத்துராணி