மிதவையை யாராக நினைப்பது?

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து பிடோக் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் இருந்த அக்கா பக்கத்திலிருந்த தோழியிடம் இப்படிச் சொன்னதும் நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“போன தடவ ஆள் மேலேயே ஏத்திட்டேன், ஃபெயில். நேத்து உயிரோட தூக்கிட்டேன், பாஸ்!”

“ஐயோ, யாரக்கா?”

“நெஜ ஆள் இல்ல லா. போட் லைசன்ஸ் டெஸ்ட்ல ஒரு மிதவையத் தண்ணில தூக்கிப் போடுவாங்க. ஆள் விழுந்துட்டதா நெனச்சு, போட்டைத் திருப்பி, மெதுவா பக்கத்துல போயி தூக்கணும். ‘உங்களுக்குப் பிரியமான ஒருத்தர்னு நெனச்சுக்குங்க, தானா மெதுவா போவீங்க’ன்னு கிளாஸ்ல சொன்னாங்க.”

“நீங்க யாரை நெனச்சீங்க?”

“மொத தடவையா? இவரத்தான்.” எனக்குப் பக்கத்தில் முருங்கைக்காய்ப் பையோடு உட்கார்ந்திருந்த தன் கணவரின் தோளை அக்கா தட்டினார். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கே தெரியாம ஸ்பீடு ஏறிடுச்சு.”

“நேத்து?”

“எங்க வீட்டுப் பூனைய நெனச்சேன். பூ மாதிரி போயி நின்னேன். டெஸ்ட் வச்சவரே வெரி குட்னாரு. ஞாயித்துக்கிழமை போட் வாடகைக்கு எடுத்து, மொத ரவுண்டு இவரத்தான் கூட்டிட்டுப் போறேன்.”

தோழி சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் கணவர் திரும்பினார்.

“நான் தண்ணில விழுந்தா, தயவுசெஞ்சு பூனைன்னே நெனச்சுக்க.”