டெஸ்ட் எடுக்க வந்தவர்

— அதனாலதான் சார் லேட்டு! பட்டர்வொர்த் படகுத்துறையில என் கண்ணு முன்னாடியே ஃபெரி கிளம்பிப் போயிருச்சு. நான் நிறுத்துன்னு கையை ஆட்டறேன், உள்ளேயிருந்து ஒரு பொடிசு எனக்கு டாட்டா காட்டுது!

— மெதுவாம்மா, மெதுவா. மூச்சு விடுங்க. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

— கால்குலஸ் டெஸ்ட் எடுக்கறது நீங்கதானே சார்?

— ஆமாம்மா. டெஸ்ட் எடுக்கத்தான் வந்திருக்கேன். திருநாவுக்கரசு.

— ஐயோ சாமி, தப்பிச்சேன்! நான் ரூபினி. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல பாதியில விட்டுட்டுப் போனவ சார். இரட்டைப் பிள்ளைங்க பொறந்துருச்சுங்க. இன்னிக்கு போர்டு முன்னாடி நின்னு பதில் சொல்லித் தேறிட்டா, விட்ட இடத்துலேயே சேர்த்துக்குவாங்களாம். இல்லன்னா இனிமே இந்தப் பக்கமே வராதேன்னுட்டாங்க. அதான் ஒரே பயமா இருக்கு சார்!

— எனக்கும் கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கு.

— சாருக்குமா! ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு.

— படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கா?

— ஞாபகமா! ஐஸ்பெட்டி பூரா ஃபார்முலா ஒட்டி வச்சுப் படிச்சேன். என் பிள்ளைங்க ரெண்டும் பாலர் பள்ளியில ‘எக்ஸ் ஸ்குவேருக்கு டூ எக்ஸ்’னு கை தட்டிப் பாடுதுங்க. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இது எந்த ஊருப் பாட்டுன்னு கேட்டாங்க.

— ஹா ஹா! அப்ப ஒண்ணு கேக்கட்டுமா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். லிமிட்டுன்னா என்ன?

— ஆரம்பிச்சாச்சா! சரி. இப்ப ஃபெரி கரைக்கு வருது சார். பாதி தூரம் வருது. மிச்சத்துல பாதி வருது. அதுலயும் பாதி. தொட்டுச்சான்னா, இன்னும் இல்ல. ஆனா எங்க போய்ச் சேரப் போகுதுன்னு கரையில நிக்கற எல்லாருக்கும் தெரியும். அந்த இடம்தான் லிமிட்.

— அட! ஆனா ஸீரோவால வகுக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல அடிச்சாங்களே. இங்க மட்டும் எப்படி வகுக்கறாங்க?

— பொறி வைக்கறீங்க பார்த்தீங்களா! ஸீரோவால யாரு வகுத்தா? முதல்ல வகுத்து முடிச்சிடறோம். அப்புறம்தான் அதை ஸீரோ பக்கமாத் தள்ளிக்கிட்டே போறோம்.

— அடடா! எனக்கு ஒருத்தனும் இப்படிச் சொன்னதில்லம்மா.

— கிண்டல் பண்ணாதீங்க சார்.

— சத்தியமா இல்ல. டெரிவேட்டிவ்?

— என் வீட்டுக்காரர் கிஷன், நிபோங் திபால்லேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வர்றார். சராசரி அறுபதுதான்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார். சரிலா, ஒத்துக்கறேன். ஆனா ரோட்டுக் காமிரா பிடிச்சது சராசரியை இல்லையே, ஒரு நொடியை! அந்த நொடியில நூத்திப் பத்து. அதான் டெரிவேட்டிவ். சம்மன் வீட்டுக்கே வந்துருச்சு.

— பாவம்! இந்தாங்க மார்க்கர். டூ எக்ஸை இன்டக்ரேட் பண்ணி போர்டுல எழுதிக் காட்டுங்க, பார்க்கறேன்.

— எக்ஸ் ஸ்குவேர்... பிளஸ் சி! பிளஸ் சி சார்! மறக்கல பாருங்க! அடியில ரெண்டு கோடு வேற போட்டுட்டேன்!

— அந்த சி எதுக்கும்மா? அதை விட்டுத்தான் நான் அழிஞ்சேன்.

— சாரா!

— சின்ன வயசுல.

— வேகத்தை வச்சு எவ்வளவு தூரம் ஓடினார்னு சொல்லிடலாம் சார். ஆனா எங்கேர்ந்து கிளம்பினார்? வேலையிடத்துலேர்ந்துங்கறார். கூட்டாளி வீட்டுலேர்ந்து கிளம்பியிருந்தாலும் மீட்டர் அதேதான் காட்டும். அந்தத் தெரியாத இடம்தான் சி. மத்தவங்க சொல்லித்தான் நான் கண்டுபிடிப்பேன்.

— அடேயப்பா! இருபது வருஷம் கழிச்சு இப்பத்தாம்மா விளங்குது.

— அப்ப நான் பாஸா சார்?

— அதை நான் எப்படிம்மா சொல்றது?

— நீங்க சொல்லாம வேற யார் சொல்லுவாங்க?

— மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க! பாலத்துல ஒரே ஜாம். நான் ஸஹ்ரா, லெக்சரர். ரூபினி, திருநாவுக்கரசு... டெஸ்ட் எடுக்க வந்த ரெண்டு பேரும் நீங்கதானே?

— ரெண்டு பேரா? சார்! நீங்களுமா!

— வந்ததுமே சொன்னேனேம்மா, டெஸ்ட் எடுக்க வந்திருக்கேன்னு!

— கிளாஸ் எடுக்கறவர்னா சொல்லிக் கொடுக்கறவர். அப்ப டெஸ்ட் எடுக்கறவர்னா கேள்வி கேக்கறவர்தானே! டை வேற கட்டிக்கிட்டு, கையில மார்க்கரை வச்சுக்கிட்டு!

— டை என் மக கட்டி விட்டது. மார்க்கர் மேசையில கிடந்துச்சு. நான் வேலை செய்யற பேக்டரியில ஒருத்தனும் என்னை சார்னு கூப்பிட்டதில்லம்மா. நீங்க கூப்பிட்டது நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.

— ஐயோ சாமி! உள்ள இருந்ததையெல்லாம் இவர்கிட்ட கொட்டிட்டேன் மேடம்! மண்டை காலி. இப்ப என் பேரைக் கேட்டாக்கூட பிளஸ் சின்னுதான் சொல்லுவேன்.

— உக்காருங்க தங்கச்சி. முதல்ல அண்ணன் வரட்டும். அண்ணே, லிமிட்டுன்னா?

— ஃபெரி கரைக்கு வருது மேடம். பாதி தூரம் வருது. மிச்சத்துல பாதி...

— ம்ம்! அப்ப ஸீரோவால வகுக்கறோமா?

— யாரு வகுத்தா? வகுத்து முடிச்சப்புறம்தானே ஸீரோ பக்கம் தள்ளறோம்!

— போர்டுல ஒரு பிளஸ் சி இருக்கே, அது எதுக்கு?

— கிஷன் எங்கேர்ந்து கிளம்பினார்னு மீட்டருக்குத் தெரியாது மேடம்.

— கிஷன் யாரு?

— என் வீட்டுக்காரர் மேடம். ஏற்கெனவே ஒரு சம்மன் இருக்கு, அவரை விட்டுடுங்க!

— சரி. அண்ணே, புதுசா ஒண்ணு. மூணு எக்ஸ் ஸ்குவேர். நீங்களே இன்டக்ரேட் பண்ணுங்க.

— எக்ஸ் க்யூப்... பிளஸ் சி. நான் மூணு கோடு போடறேன் மேடம்.

— பாஸ்! இவ்வளவு தெளிவா உங்களுக்கு யாருண்ணே சொல்லிக் கொடுத்தது?

— இதோ, இவங்கதான். இப்பத்தான். இதே போர்டுலதான்.

— மேல இருக்கற எழுத்து உங்களுதா, தங்கச்சி?

— ஆமா மேடம். அழிச்சிடறேன். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், என் டெஸ்ட்டை நீங்க...

— நான் எதுக்கு? அதை அழிக்காதீங்க, ரெண்டாம் வருஷத்துக்குக் கிளம்புங்க. உங்க டெஸ்ட்டைத்தான் அண்ணனே எடுத்து முடிச்சுட்டாரே!