நான்கு கம்பிகள் வெந்த தண்ணீர்

காலையில் ஆறு மணிக்கு எழுகிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். காப்பி இயந்திரத்தில் ஆறு கரண்டி பொடி போடுகிறேன். ஒருவனுக்கு மூன்று போதும், ஆனால் கை ஆறுக்குப் பழகிவிட்டது. கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே சாப்பிடுகிறேன். மிஞ்சிய காப்பியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஏழேகாலுக்கு நில அளவை அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.

சுகாதார ஆய்வாளர் அவர்களே, நான் ஒழுங்கான ஆள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஹில்காவின் இறைச்சி ரொட்டிகளில் ஒரு குறையும் கிடையாது. ஏரிக்கரை நடன மண்டபத்தில் அவர் கடைக்கு நீங்கள் வைத்த முத்திரையை எடுத்துவிடலாம். கோடை முடிய இன்னும் மூன்று சனிக்கிழமைகள்தான் இருக்கின்றன. அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. இசைக்குழுவில் நான்கு பேருக்கும் வயிறு போனது என் சூப்பால்.

உங்கள் படிவத்தின் ஏழாவது கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. சமையலுக்குப் பயன்படுத்திய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மனைவி தூலி அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தாள். மார்ச் மாதம் இறந்தாள். முப்பத்தொரு வயது. நான் ஒலிப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். வண்டி ஓட்டுபவன்தான் சூப் வைக்க வேண்டும் என்பது குழுவின் வழக்கம்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவள், "சத்தம் காதைக் கூச வைக்குது. கொஞ்சம் கதகதப்பா இருந்தா நல்லாருக்கும்" என்றாள். நான் மூன்று வாரம் தேடினேன். அட்டவணை போட்டேன். உருண்டைச் சுருள் கம்பி விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும், ஒலி கிணுகிணுக்கும். தட்டைச் சுருள் கம்பி நாடாவைப் போல வழவழப்பு. எஃகு கூர்மை, நிக்கல் மென்மை. தடித்த கம்பிக்கு ஆழம் அதிகம். கடைசியில் தட்டைச் சுருள், நிக்கல், தடித்தது என்று முடிவு செய்து நானே மாட்டிக் கொடுத்தேன். அவள் வாசித்துப் பார்த்து, "ம், நல்லாருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒருவர் திருப்தியாக இருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கம்பி பழசாகப் பழசாகத்தான் கதகதப்பு கூடும். விரலின் எண்ணெயும் வியர்வையும் சுருளின் இடுக்கில் போய் அடையும், கிணுகிணுப்பு அடங்கும். அதனால் துடைக்கக் கூடாது. ஒன்பது வருடம் நான் துடைக்க விடவில்லை. நடனம் தொடங்கும் முன் தூலி ஹில்காவின் கடையில் ஒரு இறைச்சி ரொட்டி தின்றுவிட்டுக் கை கழுவாமல் மேடை ஏறுவாள். அதுவும் அந்தக் கம்பிகளில் இருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி குடித்தபோது, குழுத் தலைவர் வேயோ என் தோளில் கை வைத்து, கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். அந்தக் கம்பிகளை யாரும் மாற்றக் கூடாது என்று சொன்னாள் என்றேன். அக்கார்டியன் வாசிக்கும் அந்தப் பெரிய மனிதர் அழுதுவிட்டார். அவள் இடத்துக்குப் புதிதாக வந்த யல்மாரிக்கு அவள் கிட்டாரை இரவல் கொடுத்ததும் இந்த நிபந்தனையின் பேரில்தான்.

யல்மாரிக்கு இருபத்துநான்கு வயது. எப்போதும் சிரித்த முகம். அந்தச் சனிக்கிழமை மதியம் நான் மீனோடு ஒத்திகைக் குடிலுக்குப் போனபோது, சூப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கிட்டார் கம்பியில்லாமல் அவன் மடியில் கிடந்தது.

"என்னடா பண்ற?"

"கம்பிய வேக வெச்சிருக்கேன். எங்கப்பா இப்படித்தான் பண்ணுவாரு. அரை மணி நேரம் கொதிச்சா புதுசாயிடும். பாத்திரம் கழுவுற சோப்பும் கொஞ்சம் விட்டிருக்கேன். உள்ள எவ்வளவு அழுக்கு தெரியுமா ஆர்த்து? வந்து பாரு, காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு."

"அதத் தொடக் கூடாதுன்னு தூலி சொல்லியிருக்கா."

"மாத்தக் கூடாதுன்னுதானே சொன்னா? நான் எங்க மாத்தினேன்? குளிப்பாட்டத்தானே செஞ்சேன்."

நியாயமான பதில்தான். நான் குரலை உயர்த்தவில்லை. அவன் முள்கரண்டியால் கம்பிகளை எடுத்து, துண்டில் துடைத்து, மாட்டி மீட்டினான். கழுவுதொட்டியில் கரண்டி விழுந்ததுபோல் இருந்தது. வேயோ அடுத்த அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அட, இப்பத்தான்டா பேஸ்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது."

"தண்ணிய ஊத்திடவா?" என்று யல்மாரி கேட்டான்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

யோசித்துப் பாருங்கள். கல்லறையில் இருப்பது ஒரு கல், அதில் ஒரு பெயர். என் மனைவியின் ஒன்பது வருடம் அந்தப் பானையில் இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் வழியாக எங்கோ போய்விடும். காப்பியை ஊற்றலாம். இதை ஊற்ற முடியாது.

ஆக, ஏழாவது கேள்விக்குப் பதில்: தண்ணீர் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது.

நுரையைக் கரண்டியால் எடுத்தேன். மீன் சூப்பில் நுரை வருவது சகஜம். உருளைக்கிழங்கு, வெங்காயம், சால்மன். சோயிக்கீரை வழக்கத்தைவிட இரண்டு பங்கு, பாலேடு மூன்று பங்கு. நிறம் கொஞ்சம் பழுப்பாகவே வந்தது. புகைபோட்ட மீன் என்று சொன்னேன்.

யல்மாரி மூன்று தட்டு சாப்பிட்டான். "என்னவோ ஒரு ருசி இருக்கு. என்ன போட்ட?"

"இங்க இருந்ததத்தான்."

"தூலி இருந்திருந்தா பானையவே வழிச்சிருப்பா" என்றார் வேயோ. நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி எட்டு வருடம் தூலியின் சமையலைச் சாப்பிட்ட வயிறு.

இரவு எட்டு மணி, கோடை என்பதால் வெளியே இன்னும் நல்ல வெயில். பெண்கள் ஆண்களை அழைத்து ஆடும் நேரம். முதல் டாங்கோ முடிந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். கிட்டார்காரர் பின்னாலேயே போனார். வேயோ அக்கார்டியனைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அதோடேயே ஓடினார். யல்மாரி கொஞ்சம் தாக்குப்பிடித்தான். நான்கு பேர். மண்டபத்தில் கழிப்பறைகள் இரண்டு.

ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு என்பது எங்கள் மண்டபங்களின் வழக்கம். ஒன்றோடு கையை விடுவது அந்தப் பெண்ணுக்கு அவமானம். யாரும் விடவில்லை. நூற்றிருபது ஜோடிகள் கைகோத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல், இரண்டாவது பாட்டுக்காகப் பதினைந்து நிமிடம் நின்றன. அக்கார்டியன் மட்டும் தூரத்தில் அவ்வப்போது தானாக முனகியது.

ஹில்கா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏ பையா, எதையாவது வாசிச்சுத் தொலை. இதுங்க கைய விட்டாத்தான் எனக்கு வியாபாரம்."

எனக்கு இரண்டு சுரம் தெரியும். தூலி கற்றுக்கொடுத்தது. மேடை ஏறி அவள் கிட்டாரில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆடினார்கள். ஒவ்வொரு சுரமும் தனியாக, பளிச்சென்று, கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. பக்கத்தில் ஆடிப்போன ஒருவர், "சத்தம் என்ன தெளிவு" என்றார். நன்றி சொல்லவில்லை.

தண்ணீரில் சோப்பு இருப்பது எனக்குத் தெரிந்திருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். யல்மாரியே சொன்னான். வயிற்றை என்ன செய்யும் என்பதும் தெரியும். அவளைக் குளிப்பாட்டியவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதுதான் முறை என்று அன்று நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய தவறு தெரியவில்லை. டிரம்ஸ்காரர், கிட்டார்காரர் விஷயத்தில் மட்டும் வருத்தம்.

வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். அதனால் ஒரு திருத்தம். வேயோவிடம் நான் சொன்ன கடைசி வார்த்தைகள் அவள் சொன்னவை அல்ல. அவள் சொல்லியிருக்கக்கூடியவை. எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்பதை இது மாற்றாது. மருத்துவமனையில், செவ்வாய்க்கிழமை, நாலு பத்துக்கு, தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். செய்தேன். பிறகு அவள் சொன்னது இது:

"அந்தக் கம்பிய மொதல்ல மாத்திடு ஆர்த்து. ஒம்பது வருஷமா தலகாணிக்குள்ள வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. மூணு வாரம் உக்காந்து தேடினியேன்னுதான் சொல்லல."