கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி வைத்துத் திருகுவதற்கு ஒரு கீறல் இருக்கிறதே மேடம், அது எப்படி விழுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஸ்க்ரூவோடு கூடப் பிறந்தது என்றே நினைக்கிறார்கள். அந்த வேலைக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது.

நீங்கள் கேட்டது மருந்தைப் பற்றி. அதற்கும் வருகிறேன். ஆனால் பிரிஜா கொடுத்த புகாரை நீங்கள் வாசித்துக் காட்டியபோது "தாயாரின் கவனக்குறைவால்" என்று ஒரு வரி வந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தாய் வேண்டுமென்று செய்வாளா என்று அந்தப் பிள்ளையை அதட்டவும் செய்தீர்கள். உங்கள் நல்ல மனது. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குப் பொருந்தாது. கோயிலில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகியதால் எனக்கு நிறுத்திப் பேச வரும். நீங்கள் மெதுவாகவே எழுதிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் மரியான் கடல் தொழில் செய்தவர். சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து கரையில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நானும் என் மகன் ஷிபுவும் கோயில் வாசலில் நின்றோம். எங்கள் காலில் ஈரம்கூடப் படவில்லை. அவனுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

அதற்குப் பிறகு எங்களைப் போன்ற பெண்களுக்கு வேலை பழக்கித் தந்தார்கள். சிலர் தையலுக்குப் போனார்கள், சிலர் மெழுகுவர்த்திக்குப் போனார்கள். நான் அல்போன்ஸ் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். அவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கருங்கல் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு, பழைய மெஷின்களை வாங்கி வைத்து, படகுக்குப் போகிற பித்தளை ஸ்க்ரூ செய்தார். உப்புக் காற்றில் இரும்பு நிற்காது, பித்தளை நிற்கும்.

தலையில் கீறல் விழாத ஸ்க்ரூவை நாங்கள் மொட்டை என்போம். கீறுகிற மெஷினில் கனமான ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றும். அதன் விளிம்பில் உள்ள குழிகளில், தலை மேலே தெரிய, மொட்டைகளை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளேடுக்கு அடியில் போகும் நேரம் பக்கத்திலிருந்து ஓர் இரும்புத் தாடை வந்து மொட்டையின் உடம்பைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பெயர் பிடி. பிளேடு கீறி முடித்ததும் பிடி விட்டுவிடும், ஸ்க்ரூ தட்டில் விழும். பிடியை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நட்டு உண்டு. அதிகம் இறுக்கினால் பித்தளை நசுங்கும். தளர்ந்துவிட்டால் பிளேடு மொட்டையைப் பிடுங்கி எறியும். நாலாபக்கமும் சிதறாது. பிளேடு சுற்றுகிற பக்கம்தான் பறக்கும். எதிர்ச் சுவரில் ஆள் குனிந்தால் முகம் வருகிற உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து அம்மைத் தழும்பு போல் கிடக்கும். அதனால்தான் பிளேடுக்கு முன்னால் கெட்டியான கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள்.

மற்றப் பெண்களுக்கு அந்த மெஷின் பயம். எனக்குப் பயமில்லை. பிடி சரியாக இருக்கிறதா என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். "ரீத்தா நின்னா எனக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே வேண்டாம்" என்று அல்போன்ஸ் அண்ணன் எல்லாரிடமும் சொல்லுவார். என் கையில் ஒரு பிளேடு உடைந்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஷிபுவைக் கடல் பக்கம் விடாமல்தான் வளர்த்தேன். பன்னிரண்டாவது முடித்தான். அப்புறம் பட்டறையில் பேக்கிங் பார்த்த பிரிஜாவோடு பழக்கமானான். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அப்பா ஆன்ட்ரூஸ் வள்ளம் வைத்திருந்தார். இவன் எனக்குத் தெரியாமல் அவரோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். வீட்டுக்கு வரும் முன்னால் குளித்துவிட்டுத்தான் வருவான். காதுக்குப் பின்னால் உப்பு இருக்கும். தலை துவட்டிவிடும் தாய்க்கு அது தெரியாதா?

ஒருநாள் வந்து, பஹ்ரைனில் மீன்பிடிப் படகுக்கு விசா வந்திருக்கிறது என்றான்.

"ரெண்டே வருசம் அம்மா. வந்து நல்லதா ஒரு வீடு கெட்டலாம்."

"கடல்ல கெடந்து வீட்டக் கெட்டி, அதுல யாரு இருக்கதுக்கு?"

"நீதான்."

"எனக்கு நீ போதும் மக்கா. வீடு வேண்டாம்."

அவன் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினான். நான் சொல்வதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் விசா வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்துவிட்டு, இனி தடை ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "மெடிக்கல் ஒண்ணுதான் பாக்கி. கண்ணும் நெஞ்சும் நல்லா இருந்தாப் போதும்" என்றார்.

நெஞ்சை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மெடிக்கலுக்கு நாள் வரும்வரை சும்மா இருக்காதே, பட்டறைக்கு வந்து கூடமாட நில் என்று அவனைக் கூப்பிட்டேன். அம்மாவோடு கொஞ்ச நாள் இருக்கலாமே என்று அவனும் வந்தான். நானே வேலை பழக்கினேன். மொட்டையை எப்படி வைப்பது, விரலை எங்கே நிறுத்துவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். விரலில் காயம் பட்டுவிடக் கூடாது என்று எனக்குப் பெரிய கவலை.

அல்போன்ஸ் அண்ணன் நாகர்கோவிலுக்குச் சரக்கு கொண்டுபோன ஒரு காலை நேரம். கண்ணாடித் தடுப்பை அழுக்குத் துடைக்கக் கழற்றி வைத்தேன். பிடியின் நட்டைத் தளர்த்தினேன். எவ்வளவு தளர்த்தினால் என்ன ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

"பிளேடு கோணி ஓடுது போல இருக்கு. எனக்குச் சரியாத் தெரியல்ல. நீ முன்னால போயி கொஞ்சம் குனிஞ்சு பாரு மக்கா" என்றேன்.

குனிந்தான். நான் வைத்த மொட்டைகளில் முதலில் பறந்தது அவன் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது. அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, "எம்மோ, தப்பிச்சேன்" என்று சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம்தான். அவனே மறுபடி குனிந்தான். "இப்பம் தெரியுது அம்மா, பிடிதான் நிக்கல்ல" என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னான். கெட்டிக்காரன். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்து இடது கண்ணில் விழுந்தது.

கன்னத்தில் பட்டிருந்தால் வேறொரு நாள் பார்த்திருப்பேன். அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

முதலில் மெஷினை நிறுத்தினேன். பிடியைப் பழையபடி இறுக்கிவிட்டுத்தான் அவனைத் தூக்கினேன். தடுப்பை மட்டும் மாட்டவில்லை. அல்போன்ஸ் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். முந்தின நாள் அந்தத் தடுப்பைக் கழற்றிப் பார்த்தவர் அவர். திரும்ப மாட்டினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

"எனக்கக் கவனப்பிசகு ரீத்தா. ஒனக்கப் பிள்ளைக்கக் கண்ணு போச்சே."

"நீரு மனசறிஞ்சா செஞ்சீரு அண்ணே? எழும்பும்" என்று நான்தான் தேற்றினேன். அவர்மேல் வழக்குப் போட்டார்கள், பட்டறையைப் பூட்டினார்கள். அந்தக் காகிதத்திலும் கவனக்குறைவு என்றே எழுதியிருக்கும். அதையும் அடித்துவிடுங்கள். அவர் நியாயமான மனுசன், வீணாக அலைகிறார்.

விசா போய்விட்டது. அடுத்த சில வாரங்களைப் போல நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை. கண்ணில் கட்டோடு பாயில் கிடப்பான். மீனை முள் எடுத்து ஊட்டுவேன். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறப்பான். கண்ணை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, முகம் கெட்டுப்போகுமே என்று நான்தான் வேண்டாம் என்றேன். அப்போது அவர் ஒன்று சொன்னார். ஒரு கண்ணில் இப்படிக் காயம் பட்டால், அபூர்வமாக, நல்ல கண்ணிலும் நோய் வரும். சிவந்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே கூட்டி வாருங்கள், மருந்து இருக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்றார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

கட்டைப் பிரித்ததும் ஆன்ட்ரூஸ் பார்க்க வந்தார். சாளை மீன் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் குசுகுசு என்று பேசினார்கள். அவர் போனபிறகு ஷிபு சொன்னான்:

"மாமாவுக்க வள்ளத்துல போவலாம்னு இருக்கேன் அம்மா. அதுக்கு மெடிக்கல் ஒண்ணும் வேண்டாம். ஒத்தக் கண்ணு போதும்."

நான் சாளையைக் கழுவிக் குழம்பு வைத்தேன்.

கொஞ்ச நாள் போனதும் வாசலில் நிற்கும்போது நல்ல கண்ணைச் சுருக்க ஆரம்பித்தான். "வெயில் கூசுது அம்மா" என்றான். எல்லாருக்கும் கூசத்தான் செய்யும் என்றேன். கண் சிவந்தது. தூக்கம் இல்லாததால் என்றேன். அவ்வளவோடு முடிந்திருக்கும், நான் அந்த மருந்தைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. பிரிஜா வந்து பார்த்துவிட்டுப் பிடிவாதம் பிடித்து அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றாராம் டாக்டர். சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து, விடாமல் கொடுத்தால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று அனுப்பினார். மருந்துக்கடையில் அதை வாங்கியது பிரிஜாதான். இது எனக்குப் பிறகுதான் முக்கியமாகப்பட்டது.

குப்பியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிறைத்தேன். கொதிக்க வைத்து ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீர். பச்சைத் தண்ணீரை என் பிள்ளை கண்ணில் விடுவேனா? மாத்திரைக்குப் பதில் உடம்புக்கு நல்ல சத்து மாத்திரை கொடுத்தேன். சொன்ன நேரம் தவறாமல் கொடுத்தேன் மேடம். கவனக்குறைவு என்கிறீர்களே. ஜெபமாலை சொல்லும்போதுகூட இடையில் எழுந்து போய்ச் சொட்டு விட்டிருக்கிறேன். திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் மழை என்றேன், திருவிழா என்றேன்.

ஒருநாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டுக்கு வெளியே கையை வைத்துத் துழாவினான்.

"அம்மா, கரண்டு இல்லியா?"

"விடிஞ்சாச்சு மக்கா."

துழாவிய கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். "நீ எங்கயும் போயிராத அம்மா" என்றான். எத்தனை வருடமாக நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பிரிஜா வருவது குறையும் என்று எதிர்பார்த்தேன். கண் தெரியாதவனுக்காக எந்தப் பெண் காத்திருப்பாள்? அவள் தினமும் வந்தாள். மருந்தை நிறுத்தாமல் விட்டால் பார்வை கொஞ்சமாவது திரும்பும் என்று நம்பி, புதுக் குப்பியும் அவளே வாங்கி வந்தாள். ஒருநாள் நான் அடுக்களையில் இருந்தபோது அவனுக்கு மருந்து விட அவளே குப்பியை எடுத்திருக்கிறாள். குலுக்கிப் பார்த்திருக்கிறாள்.

"மாமி, இந்த மருந்து பாலு மாதிரி வெள்ளையால்லா இருந்துது? இது தெளிஞ்சு கெடக்கு."

"பழசாயிருக்கும்."

"நேத்துத்தான் சீல் பொட்டிச்ச குப்பி மாமி."

 அவள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஷிபுவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வாசலில் நின்று திரும்பி, "அம்மா வரல்லியா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போனாள். அந்த மரியாதைக் குறைவைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மெஷினும் நான், மருந்தும் நான். இரண்டும் யோசித்துச் செய்தது. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் சொல்கிறேன்.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு காரியம் இருக்கிறது. வெளியே பெஞ்சில் இருந்தபோது ஏட்டையா பேசியது காதில் விழுந்தது. ஷிபு இப்போது பிரிஜா வீட்டிலேயே இருக்கிறானாம். ஆன்ட்ரூஸ் அவனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறாராம். வலை இழுக்கக் கை போதும், கண் எதற்கு என்கிறாராம். இவனும் சந்தோஷமாகப் போகிறானாம். உண்மையா மேடம்? நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் உண்மைதான்.

கண் தெரியாத பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோகிறார்களே, அவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா? ஓர் அலை தூக்கிப் போட்டால் எந்தப் பக்கம் பிடிப்பான்? அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இந்தக் காகிதம் அப்புறம் இருக்கட்டும். முதலில் அவர்கள்மேல் ஒரு புகார் எழுதுங்கள் மேடம். பெற்ற தாய் நான் இருக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன்.