பாம்பைக் கழற்றாத பரமசிவன்

இந்த இடத்தில்... ஒரு சின்னக் கதை சொல்லிக்கொள்ளட்டுமா? எனக்குக் கதை அவ்வளவாக வராது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமா. அதில் சிவன் வேஷம் கட்டுகிறவர் ஏகாம்பரம். புகையிலை அடக்கி அடக்கி, கன்னத்துக்குள் புற்றுநோய் வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். டாக்டரம்மா என்ன சொன்னார்?

"வாய் ஆறிடுச்சு. ஆனா இந்த நோய் கழுத்துக்கு இறங்கும். திரும்பியும் வரும். சொன்ன தேதிக்கு வந்து கழுத்தைக் காட்டணும்."

"ஆகட்டும் தாயே" என்றார். போனாரா?... கொஞ்ச நாள் போனார். பிறகு திருவிழாக் காலம் வந்தது. கூத்து வந்தது. கழுத்தில் ஒரு கட்டியும் வந்தது.

வலித்ததா? வலிக்கவில்லை. அதுதான் வினை! வலிக்காததை எதற்கு டாக்டரிடம் காட்டுவது? வேஷத்துக்கு வைத்திருந்த துணிப் பாம்பை எடுத்துக் கழுத்தில் சுற்றி, கட்டியை மறைத்துக்கொண்டார். கூத்து இல்லாத நாளிலும்! டீக்கடையில் பாம்பு. ரேஷன் கடையில் பாம்பு.

அவர் மனைவி பச்சையம்மா கேட்டாள்: "சோறு துன்றப்போ எதுக்குய்யா பாம்பு?"

"வேஷத்துல ஊறிட்டேன் பச்சையம்மா."

"அப்போ வேட்டி எதுக்கு? புலித்தோலைக் கட்டிக்கினு போய் அரிசி வாங்கியா!"

அப்படியிருக்க, ஒரு பிரதோஷ மாலை. பாற்கடல் கடைகிற கூத்து. உங்களுக்குத் தெரியும்... சிவன் விஷத்தைக் குடிப்பார். அது வயிற்றுக்கு இறங்காமல் பார்வதி ஓடி வந்து கழுத்தைப் பிடிப்பாள். பார்வதி யார்? தணிகாசலம். மீசையை மழித்துவிட்டால் லட்சணமான பார்வதி. "சும்மா மேலாகத் தொடு" என்று ஏகாம்பரம் முன்னமே சொல்லிவைத்திருந்தார். ஆனால் தணிகாசலத்துக்கு அன்று பக்தி கூடிவிட்டது. பாம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். பிடித்தவன்... நின்றுவிட்டான்.

"நாதா! தாங்கள் இன்னும் விஷத்தைக் குடிக்கவேயில்லையே... அதற்குள் இங்கே என்ன புடைத்திருக்கிறது?"

சிவன் பல்லைக் கடித்தார். "பாட்டை எடுடா!"

"எடுக்க மாட்டேன்! யோவ், கட்டிய்யா இது!"

பாம்பு கீழே விழுந்தது. நந்தி வந்து தொட்டுப் பார்த்தது. ஒரு அசுரன் வந்து தொட்டுப் பார்த்து, "ஆமாம் பார்வதி" என்றான். ஜனங்கள் கூத்தில் இதுவும் ஒரு காட்சி என்று கை தட்டினார்கள். கூட்டத்திலிருந்து பச்சையம்மா எழுந்தாள்.

"இதுக்குத்தானாய்யா பாம்பு?..." கைதட்டல் நின்றுவிட்டது.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. பாதி அரிதாரத்தோடு தணிகாசலம் கூடவே வந்தான். கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கூட வந்தது யாருங்க?" என்றார் டாக்டரம்மா.

"பார்வதிங்க."

கழுத்துக் கட்டிகளை எடுத்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஏகாம்பரம் இருக்கிறார். குரல் மட்டும் கரகரத்துவிட்டது. சிவன் பாட்டையும் இப்போது பார்வதியே பாடுகிறாள். தேதி வந்தால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதும் பார்வதிதான்.

இதை எதற்குச் சொன்னேன்? விஷம் கழுத்தைத் தாண்டாமல் நிறுத்த, பரமசிவனுக்கே இன்னொருவர் கை வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாமா? வாய் ஆறியதோடு காரியம் முடியவில்லை, ஐயா. வலிக்கவில்லை என்று கட்டியை விட்டுவிடாதீர்கள், அம்மா. சொன்ன தேதிக்குப் போங்கள். வீட்டில் ஒருவரைக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வரிசையில், இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருக்கிற ஐயா... நான் உங்களைச் சொல்லவில்லை. தவறாக நினைக்காதீர்கள். ஆனாலும்... அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்களேன்?