வெயில் புடைத்தவள்

இந்தக் கதையில் ஒரே ஒரு வரியைப் பல வருஷமாக என்னால் நம்ப முடியவில்லை. கதையை நம்பாமல் இல்லை. அது போட்ட கீரையைத் தின்று வளர்ந்தவன்தான் நான். அந்த ஒரு வரிதான் இடிக்கிறது. சொன்னது எங்கள் வெள்ளச்சி அத்தை. அவள் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

மலைமேலே ஈச்சங்கொல்லை, ஈச்சங்கொல்லை என்று ஒரு ஊராம். சாமையை விட்டால் வேறு வெள்ளாமை தெரியாத காலமாம். ஊர்க்கவுண்டர் பேர் பெரியாண்டி. அவர் வாலிபத்தில் கண்டவனெல்லாம் காட்டை வெட்டி மொட்டையாக்க, சுனை வற்றிப்போச்சாம். பெரியாண்டி காளி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினாராம்: "இனி இந்தக் காட்டுல கத்தி படாது. வெட்டுனவங்க மலை இறங்கணும்."

மரம் வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. சுனை திரும்பி வந்தது. ஆனால் கிளையும் கிளையும் கைகோத்துக்கொண்டதில், கீழே பட்டப்பகலில் இருட்டு. தும்பை போச்சு. பண்ணைக்கீரை போச்சு. வள்ளிக்கொடி போச்சு. அடிக்காடெல்லாம் சருகுதான்.

அப்புறம் மழை பொய்த்தது. சாமை கருகிற்று. பஞ்சத்துக்கு வள்ளிக்கிழங்கு தோண்டலாம் என்று போனால், தோண்டக் கொடி இல்லை.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் உண்ணாமலை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். காட்டில் ஒரு கிழட்டு மரம் காற்றில் சாய்ந்த இடத்தில், அங்கே மட்டும், ஒரு வள்ளிக்கொடி ஏறியிருந்ததாம். அண்ணாந்து பார்த்தாளாம். குனிந்து பார்த்தாளாம். வீட்டுக்குப் போய் முறத்தையும் கொடுவாளையும் எடுத்துவந்தாளாம்.

உச்சிவேளை. முறத்தைச் சருகுமேல் வைத்துவிட்டு, மரமேறிக் கிளை கழிக்கிறாள். சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது.

"ஏ உண்ணாமலை! மேல என்ன பண்ற?" என்றார் பெரியாண்டி.

"வெயிலு பொடைக்கிறேன் மாமா."

"முறத்துல தானியத்தக் காணோமே?"

"அது இல்லாமத்தானே வெயிலப் பொடைக்கிறேன்!"

சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முறம் நிறைய வெயில் விழுந்ததும் அவளே இறங்கினாள். பெரியாண்டி சொன்னார்:

"சத்தியம் சத்தியந்தான். ஆனா வயித்துக்குன்னு வெட்டிட்ட. ரெண்டு மழை பாக்குறேன். இங்க பச்சை தெரியலன்னா, புள்ளைங்கள இழுத்துக்கிட்டு மலை இறங்கிடு."

முதல் மழை பெய்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சருகு நனைந்திருந்தது, அவ்வளவுதான். 'மண்ணு செத்துப்போச்சோ? நாந்தான் பேராசப்பட்டுட்டனோ?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, துணிமணியை மூட்டை கட்டினாளாம்.

இரண்டாம் மழை பெய்தது. கால் வரவில்லை. ஆனாலும் போனாள். போனால், முறம் வைத்த இடம் பச்சைப் பசேல்! தும்பை, பண்ணைக்கீரை, நடுவில் வள்ளி முளை. எத்தனை வருஷமாக மண்ணுக்குள் கண்மூடிக் கிடந்ததுகளோ! மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாளாம். கீரையைக் கடைந்து கொண்டுபோய்ப் பெரியாண்டி முன்னால் வைத்தாளாம். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"உப்பு கம்மி," என்றாராம். அப்புறம் மெதுவாக, "மூட்டைய அவுத்துக்க தாயி."

உடனே இளவட்டங்கள் கோடரியைத் தூக்கினார்களாம். "ஒரு முறத்துக்கே இவ்ளோன்னா, காட்டையே தொறந்துட்டா?" அப்போதுதான் உண்ணாமலை குறுக்கே நின்று சொன்னாளாம்: "முறம் நெறஞ்சா கத்தி நிக்கணும்!"

எதிர்மலைக்காரர்கள் நிற்காமல் வெட்டினார்களாம். அங்கே முளைத்தது முள்ளு, வெறும் முள்ளு.

அதனால்தான் எங்கள் காட்டுக்கு முறக்காடு என்று பேர். இன்றைக்கும் மழைக்கு முன்னால் ஒரு இடம் பார்த்து முறம் வைப்போம். நிறைகிறவரைக்கும் கிளை கழிப்போம். மழைக்கு அப்புறம் முதல் கீரை அந்த முறத்தில்தான். "உண்ணாமலை, உன்னால தின்னுறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பேற்றுவோம்.

போன ஆடியில் முறத்தைத் தரையில் வைத்துக் கும்பிட்டு எழுந்தபோது, அத்தையைக் கேட்டே விட்டேன்:

"அத்தே, வெட்டத் துணிஞ்சவ அவ. நெசமாச் சொல்லு. 'கத்தி நிக்கணும்'னு சொன்னதும் அவதானா? இல்ல, உப்பு கம்மின்னு சொன்ன அந்த மனுசனா?"