கரடியனாற்று வீதியில் நாற்பது நிமிடம்

ரேடியோ திருத்துகிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா, அவன் கார் திருத்தப் போகாதவரை. நான் போனேன்.

எழுபத்து மூன்றில் பெற்றோல் விலை ஏறியதும் என் பழைய மொறிஸ் மைனரின் கார்பரேற்றரைக் கழற்றி எறிந்தேன். பாசிக்குடா வீதியில் மரத்தில் மோதிக் கிடந்த ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து, பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்றை வாங்கி அந்த இடத்தில் பூட்டினேன். நொடியில் எத்தனை பங்கு அது திறந்திருக்க வேண்டும் என்று கணிக்க, ரேடியோ ட்ரான்சிஸ்டர்களை வைத்து ஒரு பெட்டி செய்தேன். பிஸ்கட் தகரம்தான். பதினொரு மாத வேலை. மட்டக்களப்புக் கடைத்தெருவில் எல்லாரும் கேட்டது ஒன்றே: "சிறில், இதில பாட்டுக் கேக்குமா?" விறகு லொறி ஓட்டும் தங்கராசாதான் உரக்கக் கேட்டவன். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காதவர் என் மனைவி மக்டலினின் அண்ணன் யாக்கோப்பு மட்டும்.

அவரைத்தான் அன்று கரடியனாற்று வயல்வட்டையில் நாகம் கடித்தது. வயல் பார்க்க அவரோடு நானும் போயிருந்தேன். பின்சீட்டில் படுக்க வைத்துச் செங்கலடி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். உச்சி வெயில். மூன்றாம் மைல் கட்டையில் என்ஜின் நின்றது. காரணம் உடனே விளங்கிவிட்டது. சூட்டில் ட்ரான்சிஸ்டர் நிலை தவறி, இன்ஜெக்டர் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோலை ஊற்றியிருக்கிறது. கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"தண்ணி கிடக்கா மச்சான்?" என்றார் யாக்கோப்பு.

ஒரு போத்தல் கிடந்தது. அதில் துணியை நனைத்துப் பெட்டியின்மேல் போட்டேன்.

அப்போது தங்கராசாவின் லொறி வந்து நின்றது.

"என்ன சிறில், பாட்டு நிண்டு போச்சா? ஏறுங்க ரெண்டு பேரும், டவுணுக்குத்தான் போறன்."

"வேணாம். இந்தா, இப்ப ஸ்டார்ட் ஆகிரும்."

"மச்சானுக்கு என்ன?"

"படுத்திருக்கார்," என்றேன். அது உண்மைதான்.

யாக்கோப்புக்கு அதற்குள் நாக்குப் புரளவில்லை, இமைகள் தொங்கிவிட்டன. கையை மட்டும் மெல்லத் தூக்கினார். போய்வா என்கிறார் என்று நினைத்துத் தங்கராசாவும் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

அந்த லொறியில் ஏறியிருந்தால் பொழுதுபடுமுன் கடைத்தெருவே சிரித்திருக்கும். நான் தாங்கியிருக்க மாட்டேன். யாக்கோப்பும் விரும்பியிருக்க மாட்டார். அந்தப் பெட்டியை நம்பிய ஒரே மனிதர் அவர்.

நாற்பது நிமிடத்தில் பெட்டி ஆறியது. முதல் திருகிலேயே என்ஜின் பிடித்தது. செங்கலடிவரை ஒரு இடத்திலும் விக்கவில்லை. அவ்வளவு சுகமான ஓட்டம். பின்னால் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

மக்டலின் அழவில்லை. "வழியில ஒரு வண்டியும் வரல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்டும் வரல்ல," என்றேன்.

இந்த முழு விஷயத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி குற்றம் அந்த ட்ரான்சிஸ்டருடையது.